முதலில் கேள்வி, அப்புறம்தான் கேள்வித்தாள்: நூலக ஆய்வுக்கு முறை தேடுகிறவர்களுக்கு

காரைக்குடிப் பக்கம் நூலக அறிவியல் படிக்கிற பிள்ளைகளிடம் "ஆய்வு எந்த அளவுல இருக்கு?" என்று கேட்டால் பல நேரம் இந்தப் பதில்தான் வரும்: "தலைப்பு இன்னும் முடிவாகல சார், ஆனா கொஸ்டினர் ரெடி." அவர்களைக் குறை சொல்ல முடியாது. முன்னால் படித்துப் போனவர்களின் ஆய்வேடுகளைப் புரட்டினால் நிறைய அப்படித்தான் இருக்கின்றன. ஒரு கல்லூரி, முந்நூறு மாணவர்கள், இருபத்தைந்து கேள்விகள், வரிசையாகச் சதவீத அட்டவணைகள், கடைசியில் "நூலக நேரத்தைக் கூட்ட வேண்டும்" என்று ஒரு பரிந்துரை. கல்லூரியின் பெயரை மாற்றினால் அடுத்த ஆய்வேடு தயார்.

முதல் தடவையாக ஆய்வில் இறங்குகிறவர்களுக்காகவும், முனைவர் பட்டத்துக்குப் பதிந்துவிட்டு முறையியல் இயலில் என்ன எழுதுவது என்று விழிக்கிறவர்களுக்காகவும் இதை எழுதுகிறேன். சொல்ல வருவது ஒன்றுதான். உங்கள் கேள்விக்கான தடயம் எங்கே கிடக்கிறது என்று முதலில் பாருங்கள். ஆட்களின் நினைவிலா, அவர்கள் நடந்துகொள்வதிலா, பழைய காகிதத்திலா, கணினிப் பதிவிலா? இடம் தெரிந்துவிட்டால் எந்த முறையில் போய் எடுப்பது என்பதில் பெரிய குழப்பம் இருக்காது.

அதற்கு முன் ஒரு சின்னத் தெளிவு. முறை வேறு, கருவி வேறு. ஒரு கூட்டத்தில் சிலரைத் தேர்ந்து எல்லோரிடமும் ஒரே மாதிரி கேட்டு, அந்தப் பதிலை மொத்தக் கூட்டத்துக்கும் பொருத்திப் பார்ப்பது அளவாய்வு, அது முறை. கையில் கொடுக்கும் கேள்வித்தாளோ கூகுள் ஃபார்மோ கருவி. யாரைத் தேர்வது என்பது மாதிரியெடுப்பு. எஸ்.பி.எஸ்.எஸ். கணக்குப் போட்டுத் தரும் மென்பொருள், அவ்வளவுதான். "என் ஆய்வுமுறை எஸ்.பி.எஸ்.எஸ்." என்று வைவாவில், அதாவது வாய்மொழித் தேர்வில், சொன்னால் எதிரே இருப்பவர் பேனாவைக் கீழே வைத்துவிடுவார்.

ஒரு ஊரும் அதன் கிளை நூலகமும்

செட்டிநாட்டு ஊர் ஒன்றின் கிளை நூலகத்தை எடுத்துக்கொள்வோம். கானாடுகாத்தான், பள்ளத்தூர், புதுவயல் என்று உங்களுக்குத் தெரிந்த ஊரை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். தெருவை அடைத்துக்கொண்டு பெரிய வீடுகள், பலவற்றில் பூட்டு. வீட்டுக்காரர்கள் சென்னையிலோ சிங்கப்பூரிலோ இருக்கிறார்கள், சாவி காவல்காரரிடம். நூலகத்தில் காலையில் செய்தித்தாள் மேசையைச் சுற்றி ஓய்வுபெற்றவர்கள். கொஞ்சம் வெயில் ஏறியதும் குரூப் 4 தேர்வுக்குப் படிக்கிற பெண்கள், சொந்தப் புத்தகமும் தண்ணீர்ப் பாட்டிலுமாக. சாயங்காலம் பள்ளிப் பிள்ளைகள்.

"இந்த நூலகத்தின் பயன்பாடு" என்று தலைப்பு வைத்துவிடலாம். ஆனால் அதை வைத்துக்கொண்டு ஒரு அடி நகர முடியாது. யாருடைய பயன்பாடு, எதனுடைய பயன்பாடு? அலமாரியில் எந்த நூல் வெளியே போகிறது, எது போகவே இல்லை? வராதவர்கள் ஏன் வரவில்லை? குரூப் 4 பெண் நூலகப் புத்தகத்தைத் தொடாமல் ஏன் தினமும் இங்கே வந்து உட்காருகிறார்? நூறு வருடத்துக்கு முன் இந்த ஊர்க்காரர்கள் என்ன படித்தார்கள்? நான்கும் ஒரே கட்டடத்தைப் பற்றிய கேள்விகள்தான். ஆனால் நான்குக்கும் தடயம் நான்கு வேறு இடங்களில் இருக்கிறது. ஒரே கேள்வித்தாளால் நான்கையும் அள்ளப் பார்ப்பதுதான் பெரும்பாலான ஆய்வேடுகள் சொதப்புகிற இடம்.

இதைப் புரிந்துகொள்ள ரங்கநாதனே போதும். சீர்காழியில் பிறந்து, கணக்கு வாத்தியாராக இருந்து, 1924ல் சென்னைப் பல்கலைக்கழக நூலகர் ஆனவர். 1931ல் அவர் வெளியிட்ட ஐந்து விதிகளை நூலகவியல் மாணவர் எல்லோரும் ஒப்பிப்பார்கள். அதில் இரண்டாவது, "ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்குரிய நூல்." மூன்றாவது, "ஒவ்வொரு நூலுக்கும் அதற்குரிய வாசகர்." படிக்கும்போது ஒன்றையே திருப்பிப் போட்டது போலத் தெரியும். ஆய்வென்று வந்துவிட்டால் இரண்டுக்கும் ஒட்டே இல்லை. வாசகருக்கு அவர் நூல் கிடைத்ததா என்று அறிய ஆளைத் தேடிப் போக வேண்டும். நூலுக்கு வாசகர் கிடைத்தாரா என்று அறிய ஆளே வேண்டாம். அலமாரிக்குப் போனால் போதும்.

அலமாரி சொல்வது

முதலில் அலமாரிக்கே போவோம், செலவில்லாத வேலை. நூலின் கடைசிப் பக்கத்தில் ஒட்டியிருக்கும் தேதிச் சீட்டைப் பாருங்கள். ஊதா மையில் ரப்பர் ஸ்டாம்ப் தேதிகள், சில கோணலாக, சில ஒன்றின் மேல் ஒன்றாக. மூன்று வருடம் மாதத்துக்கு ஒரு தேதி விழுந்திருக்கும். அப்புறம் வருடத்துக்கு ஒன்று. அப்புறம் ஒன்றுமே இல்லை. அந்த நூலின் வாழ்க்கை வரலாறு அந்தச் சீட்டில் இருக்கிறது. எந்த வாசகரும் தன்னைப் பற்றி இவ்வளவு நேர்மையாகச் சொல்லமாட்டார்.

எல்லா நூலையும் பார்க்க வேண்டியதில்லை. நூலகத்தில் 12,000 நூல்கள் என்று வைத்துக்கொண்டால், முதல் முப்பதுக்குள் ஒரு எண்ணைக் குலுக்கிப் போட்டு எடுத்து, அதிலிருந்து முப்பதாவது முப்பதாவது நூலாக எடுத்துப் போனால் 400 நூல்கள் கைக்கு வரும். நூலின் வகை, வாங்கிய வருடம், கடைசியாக வெளியே போன தேதி, மொத்தம் எத்தனை தடவை. நான்கு பத்திகள் உள்ள ஒரு நோட்டுப் புத்தகம் போதும்.

இதையே பெரிய அளவில் அமெரிக்காவில் பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் ஆலன் கென்ட் குழுவினர் செய்து 1979ல் வெளியிட்டார்கள். 1969ல் வாங்கிய நூல்களில் சுமார் 40 சதவீதம் முதல் ஆறு வருடத்தில் ஒரு தடவைகூட இரவலாகப் போகவில்லை என்று தெரிந்தது. பேராசிரியர்கள் கொதித்துப் போனார்கள், சர்ச்சை வெகுகாலம் ஓடியது. வாசகர்களிடம் "நூல்கள் பயனுள்ளவையா?" என்று கேட்டிருந்தால் எல்லோரும் ஆமாம் என்றிருப்பார்கள், சர்ச்சைக்கே இடமிருந்திருக்காது.

சீட்டுக்கும் குறை உண்டு. நிரம்பிய சீட்டைக் கிழித்துவிட்டுப் புதிது ஒட்டியிருப்பார்கள். நூலகத்துக்குள்ளேயே எடுத்துப் படித்துவிட்டு வைத்தால் எந்தத் தேதியும் விழாது. அகராதியும் கலைக்களஞ்சியமும் யாரும் தொடாத மாதிரியே தெரியும். முக்கியமாக, சீட்டு "எத்தனை தடவை" என்று சொல்லுமே தவிர "ஏன்" என்று சொல்லாது. ஏன் என்பதற்கு ஆளிடம்தான் போயாக வேண்டும்.

ஆளிடம் போகும்போது

இங்கேதான் கேள்வித்தாள் வருகிறது. நான் கேள்வித்தாளுக்கு எதிரி இல்லை. பலபேரின் நிலையை, கருத்தை, பழக்கத்தைக் குறைந்த செலவில் அறிய அதைவிட்டால் வழியில்லை. ஆனால் கேள்வி எழுதுவதற்கு முன் தீர்க்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு: யாரைப் பற்றி ஆய்வு?

நூலக வாசலில் நின்று வருகிறவர்களிடம் தாளை நீட்டினால் வருகிறவர்களைப் பற்றி மட்டும்தான் தெரியும். வராதவர் ஏன் வரவில்லை என்ற கேள்விக்கு அந்த வாசலில் பதிலே கிடையாது. உறுப்பினர் பதிவேட்டை எடுத்தால் வேறு சிக்கல். என்றோ சேர்ந்து ஊரைவிட்டுப் போனவர் அதில் இருப்பார். தினமும் பேப்பர் பார்க்க வருகிற பெரியவர் உறுப்பினரே ஆகியிருக்கமாட்டார். அப்புறம் செட்டிநாட்டுக்கே உரிய ஒரு சிக்கல் இருக்கிறது. தமிழ்நாட்டில் 1948ம் வருடத்துப் பொது நூலகச் சட்டப்படி சொத்து வரியோடு சேர்த்து நூலக வரியும் வசூலாகிறது. பூட்டிய வீட்டுக்காரரும் கட்டுகிறார். அப்படியானால் இந்த நூலகத்துக்கு உரிய மக்கள் யார்? வரி கட்டிவிட்டு வெளியூரில் இருப்பவரா, வரியே கட்டாமல் வாடகை வீட்டில் இருந்து தினமும் வருபவரா? எது சரி என்று புத்தகத்தில் பதில் இல்லை. ஒரு முடிவெடுத்து, அதை ஆய்வேட்டில் ஒரு பத்தியாக எழுதிவிட வேண்டும். எழுதாமல் விட்டால் உங்கள் 300 பேர் யாருக்குப் பிரதிநிதி என்று யாருக்கும் தெரியாது.

எத்தனை பேர் என்பது அடுத்த கேள்வி. கிரெஜ்சி, மார்கன் இருவரும் 1970ல் வெளியிட்ட அட்டவணையை எல்லோரும் காட்டுவார்கள். மொத்தம் 1,000 பேர் என்றால் 278, 10,000 பேர் என்றால் 370, ஒரு லட்சம் என்றாலும் 384தான். கூட்டம் நூறு மடங்கு பெருகினாலும் மாதிரி அந்த அளவுக்குப் பெருகவில்லை என்பதைக் கவனியுங்கள். ஆனால் அந்த எண்ணுக்கு மதிப்பு, கூட்டத்தில் யார் வேண்டுமானாலும் தேர்வாகலாம் என்ற நிலையில் குலுக்கி எடுத்தால் மட்டும்தான். வாட்ஸ்அப் குழுவில் கூகுள் ஃபார்மைப் போட்டு 384 பதில் வாங்கிவிட்டு அந்த அட்டவணையைக் காட்டுவதில் அர்த்தம் இல்லை.

நாள் பார்ப்பதும் முக்கியம். பொங்கல் முடிந்து வரும் செவ்வாய்க்கிழமை நாட்டரசன்கோட்டையில் செவ்வாய்ப் பொங்கல். உலகத்தில் எந்த மூலையில் இருந்தாலும் குடும்பம் குடும்பமாக வந்துவிடுவார்கள். அந்த வாரம் எடுத்த அளவாய்வில் கிடைக்கும் ஊர் வேறு, ஆடி மாதம் எடுத்ததில் கிடைக்கும் ஊர் வேறு. வெளியூர்க்காரர்களைப் பேட்டி காண வேண்டுமென்றால் திருவிழாவும் கல்யாண முகூர்த்தங்களும்தான் உங்கள் காலண்டர்.

கேள்வி எழுதும்போது ஒரு பழக்கத்தை விட்டுவிடுங்கள். "நீங்கள் எவ்வளவு அடிக்கடி நூல் வாசிப்பீர்கள்?" என்று கேட்டால் நம் ஊரில் எல்லோரும் "தினமும்" என்று டிக் அடிப்பார்கள். வாசிப்பு நல்ல பழக்கம் என்று சின்ன வயதிலிருந்து சொல்லி வளர்த்தாயிற்று. கேட்பவரும் நூலகத்து ஆள். வேறு என்ன சொல்வார்கள்? அதற்குப் பதில், "கடைசியாக ஒரு தகவல் தேவைப்பட்டது எப்போது? என்ன தகவல்? முதலில் எங்கே தேடினீர்கள்?" என்று கேட்டுப் பாருங்கள். ஃபிளனகன் என்ற உளவியலாளர் 1954ல் எழுதிவைத்த உத்தி இது. இரண்டாம் உலகப் போரில் விமானிகளை ஆராய்ந்ததிலிருந்து வந்தது. பொதுவான பழக்கத்தைக் கேட்காமல் நடந்த ஒரு சம்பவத்தைக் கேட்பதுதான் சூட்சுமம். நடந்ததைச் சொல்லும்போது ஆள் தன்னை அலங்கரித்துக்கொள்ள இடம் குறைவு.

சில கேள்விகளுக்குத் தாளே உதவாது, உட்கார்ந்து பேச வேண்டும். செட்டிநாட்டு வீடுகளில் இருந்த தனியார் நூல் சேகரிப்புகளைப் பற்றி ஆய்வு என்று வைத்துக்கொள்வோம். பேட்டி இப்படித் தொடங்கினால் அதோடு முடிந்தது:

"ஆச்சி, இந்த வீட்ல நெறையப் புத்தகம் இருந்துச்சாமே?"

"இருந்துச்சு தம்பி."

வேறு மாதிரி தொடங்கினால் கதை வேறு:

"ஆச்சி, நீங்க கல்யாணமாகி இந்த வீட்டுக்கு வந்த புதுசுல, மத்தியான வேலை ஓஞ்ச பிறகு என்ன செய்வீக?"

"ரெண்டாங்கட்டுல உக்காருவோம். எங்க மாமியா தொடர்கதையச் சத்தமாப் படிப்பாக, நாங்க நாலஞ்சு பேரு கேப்போம். முகப்புல அலமாரி நெறைய மாமனார் புத்தகம் இருக்கும். அதுக்குச் சாவி எங்க கைக்கு வராது."

இந்த நான்கு வரியில் எத்தனை இருக்கிறது பாருங்கள். ஒருவர் வாங்கிய இதழை ஐந்து பேர் படித்திருக்கிறார்கள். ஆகவே விற்ற பிரதிகளை எண்ணி வாசகரைக் கணக்கிட்டால் தப்பாகும். வாசிப்பு என்பது கேட்பதாகவும் இருந்திருக்கிறது. வீட்டுக்குள்ளேயே ஆண்கள் நூலும் பெண்கள் நூலும் வெவ்வேறு கட்டுகளில், அதாவது வீட்டின் வெவ்வேறு பகுதிகளில். அலமாரியின் சாவி யாரிடம் என்பதுதான் அந்த வீட்டு நூலகத்தின் விதிமுறை. "உங்கள் வீட்டில் நூல்கள் உண்டா: ஆம் / இல்லை" என்ற கட்டத்தில் இது எதுவும் விழாது. பேட்டிக்கு இருபது பேர் போதுமா என்று பயப்பட வேண்டாம். அடுத்தடுத்த ஆள் புதிதாக ஒன்றும் சொல்லவில்லை என்ற கட்டம் வரும். அதுவரை போனால் போதும். ஆனால் அந்த இருபது பேரின் பதிலைச் சதவீதமாக மாற்றி அட்டவணை போடாதீர்கள், அது பேட்டியையும் கெடுத்து அளவாய்வையும் கெடுத்த கணக்கு.

குரூப் 4 பெண் விஷயத்துக்கு வருவோம். அவரிடம் கேட்டால் "அமைதியா இருக்கு" என்பார். உண்மைதான், ஆனால் முழுசும் இல்லை. ஒரு வாரம் ஓரத்தில் உட்கார்ந்து, மணிக்கொரு தடவை எந்த நாற்காலியில் யார், கையில் என்ன, விசிறி எங்கே, ப்ளக் பாயிண்ட் எங்கே என்று ஒரு வரைபடத்தில் குறித்துக்கொண்டே வாருங்கள். பெண்கள் மூன்று பேராகச் சேர்ந்து வருவதும், நூலகர் பெண்ணாக இருக்கும் நாளில் கூடுதல் நேரம் இருப்பதும் அந்தத் தாளில் தெரியவந்தால் உங்களுக்குப் புதுக் கேள்வி கிடைத்துவிட்டது. பார்த்தறிதல் என்ற இந்த முறைக்குப் பொறுமை ஒன்றுதான் முதலீடு. ஆட்களின் பெயரைக் குறிக்காதீர்கள்; நூலகரிடம் சொல்லிவிட்டு உட்காருங்கள்.

ஆள் இல்லாத கேள்விகள்

இனி எனக்குப் பிடித்த இடம். காரைக்குடி இந்து மதாபிமான சங்கத்துக்கு 1919ல் பாரதியார் வந்தார் என்பது ஊருக்கே தெரிந்த விஷயம். அந்தக் காலத்தில் இந்தப் பகுதியில் சங்கங்களுக்கு வந்துபோனவர்கள் என்ன படித்தார்கள்? கேட்க ஒருவரும் உயிரோடு இல்லை. கேள்வித்தாள், பேட்டி, பார்த்தறிதல் எல்லாம் இங்கே செல்லாக்காசு. வரலாற்று முறை ஒன்றுதான் வழி.

தடயம் எங்கெல்லாம் இருக்கக்கூடும் என்று யோசியுங்கள். ஒரு பழைய சங்கத்தின் அக்சஷன் ரிஜிஸ்டர், அதாவது நூல் வரவுப் பதிவேடு, கிடைத்தால் எந்த நூல் எந்த வருடம் வந்தது, விலையா நன்கொடையா, யார் கொடுத்தார் என்பதெல்லாம் அதில் இருக்கும். 1920களில் காரைக்குடியிலிருந்து வெளிவந்த 'ஊழியன்', 'குமரன்' இதழ்களில் புத்தக விளம்பரங்களையும் வாசகர் கடிதங்களையும் பார்க்கலாம். கோட்டையூர் ரோஜா முத்தையா செட்டியார் சுமார் நாற்பது வருடம் சேர்த்துவைத்தது ஏறத்தாழ ஒரு லட்சம் உருப்படிகள்; நூல்களோடு இதழ்கள், நாடக நோட்டீஸ், அழைப்பிதழ் என்று மற்றவர்கள் குப்பையில் போட்டதும் அதில் உண்டு. அவர் 1992ல் மறைந்தபின் சிகாகோ பல்கலைக்கழகம் அதை வாங்க, 1994ல் சென்னையில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் உருவானது. செட்டிநாட்டைப் பற்றி ஆய்வு செய்கிற பிள்ளை சென்னைக்குப் பஸ் ஏற வேண்டியிருப்பது இதனால்தான். பக்கத்தில் புதுக்கோட்டையில் ஞானாலயா இருக்கிறது. முதல் பதிப்புகளுக்குப் பெயர்போன இடம்.

அப்புறம் வீட்டுப் பெட்டகங்கள். பேரேடு, ஐந்தொகை, கல்யாணச் செலவுக் கணக்கு, பர்மாவிலிருந்தும் மலேயாவிலிருந்தும் வந்த கடிதக் கட்டு. கணக்கில் "புஸ்தகம் வாங்கின வகை" என்று ஒரு வரி கிடைத்தால் அது பொன். ஆனால் வரலாற்று முறையின் முக்கால்வாசி வேலை கிடைத்ததைச் சந்தேகப்படுவதுதான். ஏட்டில் "ரௌத்திரி வருஷம்" என்று இருக்கிறது. தமிழ் வருடங்கள் அறுபதுக்கு ஒருதரம் திரும்பி வருபவை. ரௌத்திரி 1920லும் வந்தது, 1980லும் வந்தது, அதற்கு முன் 1860லும் வந்தது. எது? காகிதம், மை, பெயர்கள், ரூபாய்க் கணக்கில் அணா வருகிறதா வெறும் பைசா வருகிறதா, எல்லாவற்றையும் வைத்துத்தான் தீர்க்க வேண்டும். எண்கள் தமிழ் எண்களாக இருந்தால் அதை வாசிக்கப் பழகுவதற்கே தனியாக நாள் ஒதுக்குங்கள். ஆவணம் உண்மையானதுதானா என்று பார்ப்பது ஒரு சோதனை. உண்மையானது என்றாலும், எழுதியவர் யாருக்காக எழுதினார், எதை விட்டுவிட்டார் என்று பார்ப்பது அடுத்த சோதனை. கணக்கப்பிள்ளை முதலாளிக்குக் காட்டுவதற்காக எழுதிய ஏட்டில் முதலாளிக்குப் பிடிக்காத செலவு இருக்காது.

காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் பழம்பொருள் கடைகளைப் பார்த்திருப்பீர்கள். கதவு, தூண், எனாமல் பாத்திரத்தோடு பழைய நூல்களும் படங்களும் வந்து சேரும். ஆய்வுக்கு அங்கே போவதில் தப்பில்லை. ஆனால் ஒரு நூல் எந்த வீட்டிலிருந்து, எந்த நூல்களோடு சேர்ந்து வந்தது என்ற தொடர் அறுந்துவிட்டால் அதன் சாட்சி பாதி போயிற்று. முன்னட்டையில் உள்ள பெயர் முத்திரை, விலைக் குறிப்பு, "இன்னார் அன்பளிப்பு" என்ற கையெழுத்து, இவற்றைப் படம் எடுத்துவிட்டுத்தான் உள்ளே என்ன அச்சாகியிருக்கிறது என்று பார்க்க வேண்டும். நூலக ஆய்வாளருக்கு அந்த முதல் பக்கம் பல நேரம் மற்ற முந்நூறு பக்கத்தைவிட உபயோகமானது.

எண்ணிப் பார்ப்பது

இப்போது எல்லோரும் ஓடுகிற திசை இது. நூலியல் அளவை, அதாவது ஆய்வுக் கட்டுரைகளையும் மேற்கோள்களையும் எண்ணுவது. யாரிடமும் போக வேண்டாம், தரவுத்தளத்தில் பதிவிறக்கம் செய்து மென்பொருளில் போட்டால் வண்ண வண்ணமாகப் படம் வரும். காரைக்குடியிலேயே மின்வேதியியல் ஆய்வு மையமான சிக்ரி இருக்கிறது. அதன் விஞ்ஞானிகள் எந்த இதழ்களில் எழுதுகிறார்கள், எந்த நாட்டாரோடு சேர்ந்து எழுதுகிறார்கள் என்ற கேள்விக்கு இதைவிடப் பொருத்தமான முறை இல்லை. தடயம் முழுக்க அச்சில், அதுவும் ஆங்கில இதழ்களில் இருக்கிறது.

துறைக்கு வயதும் உண்டு. லோட்கா 1926லேயே எழுதியவர் எத்தனை பேர், எத்தனை கட்டுரை என்று எண்ணிப் பார்த்தார். கொஞ்சம் பேர்தான் நிறைய எழுதுகிறார்கள், பெரும்பாலோர் ஒன்றோடு நிறுத்திவிடுகிறார்கள் என்று கண்டார். 1934ல் பிராட்ஃபோர்ட், ஒரு துறையின் கட்டுரைகள் சில இதழ்களில் குவிந்தும் மிச்சம் எண்ணற்ற இதழ்களில் சிதறியும் கிடப்பதைக் காட்டினார். சந்தா கட்டப் பணம் போதாத நூலகருக்கு இன்றும் உபயோகப்படுகிற கண்டுபிடிப்பு.

ஆனால் இதே முறையைத் தூக்கிக்கொண்டு "செட்டிநாட்டுத் தமிழ் ஆய்வுகளின் போக்கு" என்று போனால் வெறுங்கையோடு திரும்புவீர்கள். பன்னாட்டு மேற்கோள் தரவுத்தளங்களில் தமிழ் இதழ்கள் பெரும்பாலும் இல்லை. தமிழ்ப் புலவர்கள் நூலாகவும் மலர்க் கட்டுரையாகவும் எழுதினார்கள். தரவுத்தளம் பூஜ்யம் காட்டினால் ஆய்வு நடக்கவில்லை என்று பொருள் இல்லை. வலை வேறு குளத்தில் விழுந்திருக்கிறது. அங்கே நூல்களை நேரில் எடுத்து அடிக்குறிப்புகளைக் கையால் எண்ண வேண்டும். சலிப்பான வேலை. ஆனால் வேறு யாரும் செய்யாத வேலை.

சோதனை முறை நம் துறையில் குறைவு. இங்கிலாந்தில் கிரான்ஃபீல்டில் கிளெவர்டன் 1950களின் இறுதியில் தொடங்கி நடத்திய சோதனைதான் எல்லோரும் சொல்லும் உதாரணம்: ஒரே 18,000 ஆவணங்களை நான்கு விதமாக அட்டவணைப்படுத்தி எது நன்றாகத் தேடித் தருகிறது என்று பார்த்தார்கள். நான்கில் ஒன்று ரங்கநாதன் சிந்தனையை ஒட்டிய பகுமுக வகைப்பாடு, அதாவது ஒரு பொருளைப் பல கூறுகளாகப் பிரித்து வகைப்படுத்துவது. கடைசியில் நான்குக்கும் பெரிய வித்தியாசம் தெரியவில்லை, அதுவே பெரிய செய்தியாயிற்று. நீங்கள் சின்னதாக ஒன்று செய்யலாம். கல்லூரி நூலகக் கணினி அட்டவணையில் தமிழ் நூல்களை ரோமன் எழுத்தில் ஏற்றியிருப்பார்கள். முப்பது மாணவர்களுக்கு அதே பத்து நூல்களைக் கொடுத்து, பாதிப் பேரை அந்த அட்டவணையிலும் மீதிப் பேரைத் தமிழ் எழுத்தில் ஏற்றிய அட்டவணையிலும் தேடச் சொல்லி நேரத்தைக் குறியுங்கள். வாசகர் நேரத்தைக் காப்பாற்று என்ற ரங்கநாதனின் நான்காம் விதியை இப்படி நொடிக் கணக்கில் அளந்துவிடலாம்.

இரண்டு முறைகளைச் சேர்க்கலாமா என்று கேட்பார்கள். தாராளமாக. ஆனால் ஒன்று எழுப்பிய கேள்விக்கு இன்னொன்று பதில் சொல்வதாக இருக்க வேண்டும். தேதிச் சீட்டில் 2015க்குப் பின் நாவல்கள் வெளியே போகவில்லை என்று தெரிகிறது, ஏன் என்று பத்து வாசகர்களிடம் பேசுகிறீர்கள், அது பொருத்தம். பெருமைக்காகக் கேள்வித்தாளோடு நாலு பேட்டியை ஒட்டவைப்பது வேலையை இரட்டிப்பாக்கும், அவ்வளவே.

கையிலிருக்கும் காலமும் அனுமதியும் பாதி முடிவைத் தீர்மானித்துவிடும் என்பதையும் ஒளிக்க வேண்டாம். எம்.லிப். ஆய்வுக்குக் கிடைக்கும் சில மாதத்தில் வரலாற்று முறை எட்டாது. சீட்டு எண்ணுவது எட்டும். அரசுக் கிளை நூலகம் என்றால் மாவட்ட நூலக அலுவலரிடம் எழுத்தில் அனுமதி வாங்குங்கள், துறைத் தலைவரின் கடிதத்தோடு. வீட்டுப் பெட்டகம் என்றால் சாவி வைத்திருப்பவரின் தலையசைப்பு போதாது; பங்காளிகள் பலர் இருப்பார்கள், ஒருவர் சரி என்றபின் இன்னொருவர் ஏன் திறந்தாய் என்று கேட்பார். யாரிடம் எது வரை அனுமதி, படம் எடுக்கலாமா, வெளியிடலாமா என்பதைத் தனித்தனியாகக் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

நெறியாளரைப் பார்க்கப் போகும்போது கேள்வித்தாளை வீட்டில் வைத்துவிட்டு ஒரு பக்கம் எழுதிக்கொண்டு போங்கள். என் கேள்வி இது. இதற்கான தடயம் இங்கே இருக்கிறது. அது இவரிடம் இருக்கிறது. அதை எடுக்க இந்த முறை. இந்த முறையால் இது தெரியாமல் போகும். கடைசி வரியை எழுதத்தான் நேரமெடுக்கும். அதற்கு, இந்தியப் பல்கலைக்கழக ஆய்வேடுகளை இணையத்தில் சேர்த்துவைத்திருக்கும் ஷோத்கங்காவில் உங்கள் தலைப்புக்குப் பக்கத்தில் உள்ள நான்கைந்து ஆய்வேடுகளைத் திறந்து, நேராகப் பின்னிணைப்புக்குப் போங்கள். அங்கே கேள்வித்தாள் இருக்கும். ஒவ்வொரு கேள்விக்கும் வந்த பதிலை முடிவுரையில் தேடிப் பாருங்கள். கேட்டுவிட்டு எங்கும் உபயோகிக்காத கேள்விகள் நிறைய அகப்படும். உங்கள் தாளிலிருந்து முதலில் எடுக்க வேண்டியவை அந்த வகைதான்.

மிச்சமிருப்பதைப் பத்துப் பேரிடம் கொடுத்துப் பாருங்கள், நூலகவியல் படிக்காத பத்துப் பேராக. பேப்பர் மேசையில் உட்கார்ந்திருக்கும் பெரியவர் மூன்றாம் கேள்வியில் கண்ணாடியைக் கழற்றிவிட்டு "இது என்ன தம்பி கேக்குற?" என்றால், அந்தக் கேள்வியை அவரிடமே வாயால் விளக்கிச் சொல்லுங்கள். நீங்கள் வாயால் சொன்னதை அப்படியே எழுதிக்கொண்டு வந்து தாளில் போடுங்கள்.